நூற்று அறுபத்தோராவது வண்டி

1989ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். உக்குவளையில் மழை பெய்துகொண்டிருந்தது. காற்றில்லாமல் நேராக விழும் ஐப்பசி மழை. எங்கள் குசினி மேசையில் ஒரு பழைய ஜாம் போத்தல் இருந்தது. அதில் முக்கால் பங்கு வெந்நீர், வெந்நீரில் கோஸ்டிக் சோடா. இரண்டே முக்கால் அங்குல நீளமுள்ள ஒரு சாம்பல் நிற விளையாட்டு வேனின் உடலையும் அதன் அடித்தட்டையும் இடுக்கியால் பிடித்து, ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் இறக்கினேன். முதல் குமிழி எழ நான்கு செக்கன் ஆனது. அடுப்பருகே நின்ற என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் போத்தல் இன்றும் என்னிடம் இருக்கிறது. மூடிதான் எங்கோ போய்விட்டது.

நான் எழுத வந்தது பெயின்ட் பாஸைப் பற்றி. எங்கள் பக்கத்தில் கைவேலை தெரிந்தவர்களைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கராஜ் கண்டி வீதியில், ஸ்டேஷனுக்குத் திரும்பும் முடக்கிலிருந்து தொண்ணூறு அடி தள்ளி இருந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்த முஸ்லிம் குடும்பம். லொறி, வேன், கார் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடிப்பார். நான் மாத்தளையில் நில அளவைக் கந்தோரில் படவரைஞராக இருந்தேன். காணிகளின் எல்லைகளை மெல்லிய பேனாவால் வரைந்து, அளவை எழுதி, ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்ப்பது என் வேலை. எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் வேலையால் வந்ததா, அந்தப் பழக்கத்தால்தான் வேலை கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. படிக்கட்டு ஏறினால் எண்ணுவேன். சோற்றில் கல் கிடந்தால் எத்தனை என்று மனைவியிடம் சொல்வேன்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலத்தில் துரைமார் பலர் ஊரை விட்டுப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் விட்டுப்போன விளையாட்டுச் சாமான்கள் பழைய போத்தல், பேப்பர் வாங்குகிறவர்களின் சாக்குகளுக்குள் வந்து சேர்ந்தன. அப்படி ஒரு சாக்கில்தான் அந்தச் சின்ன இரும்புக் கார்களை முதலில் பார்த்தேன். உண்மையில் அது இரும்பு இல்லை, உருக்கி வார்த்த நாகக் கலவை. பெயின்ட் உதிர்ந்து, சில்லு கழன்று, கண்ணாடி வெடித்துக் கிடந்தவை பதினொன்று. வாங்கி வந்தேன். அடித்தட்டைப் பிடித்திருக்கும் ஆணித்தலையை மெல்லிய துளைக்கருவியால் துளைத்தால் கார் நான்கு துண்டாகக் கழன்றுவிடும் என்பதை நானே கண்டுபிடித்தேன். பழைய பெயின்டை எடுக்கக் கோஸ்டிக் சோடா. உடல் பளபளவென்று வந்ததும்தான் புதுப் பெயின்ட் வேண்டுமே என்பது உறைத்தது. ஒரு மருந்துப் போத்தலை எடுத்துக்கொண்டு பாஸிடம் போய், கொஞ்சம் சிவப்பு வேண்டும் என்றேன்.

"என்ன வாகனம் ஐயா?"

சேர்ட் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "மிச்சம் மோசமா அடிபட்டீக்குது. ட்ரைவருக்கு ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார். அது 1976. அதற்குப் பிறகு பதின்மூன்று வருடங்கள் நாங்கள் அந்த வேலையைச் சேர்ந்து செய்தோம்.

எங்களுக்குள் ஒரு முறை உருவானது. ஒரு வாகனத்துக்குப் பெயின்ட் அடித்து முடித்ததும், பெயின்ட் விசிறும் துப்பாக்கியின் கோப்பையில் கடைசியாக மிஞ்சுவதை பாஸ் முன்பெல்லாம் ஒரு தகரத்தில் அடித்துத் தீர்ப்பார். இப்போது அது ஒரு சின்ன வண்டிக்குப் போனது. வீதியில் ஓடும் ஒரு வாகனத்துக்கு என் அலுமாரியில் ஒரு சின்ன வண்டி. கழற்றுவது, கழுவுவது, சில்லு பொருத்துவது, வரைபேனாவால் கோடு இழுப்பது எல்லாம் என் பங்கு. மூடுவதற்கு முன், அடித்தட்டின் உட்பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதி மேலே வார்னிஷ் தடவுவேன்: திகதி, அந்த வாகனத்தின் நம்பர், பெயின்டின் கலவை. பாஸ் கலவையை எழுதி வைக்கிறவரல்ல. ஒரு தகரக் கோப்பையால் அள்ளி ஊற்றுவார், கண்ணால் பார்த்து நிறுத்துவார். வாடிக்கைக்காரர் யாராவது கதவில் கீறலோடு திரும்பி வந்தால், சின்ன வண்டியைத் திறந்து கலவையைப் பார்த்து அதே நிறத்தைக் கொண்டுவருவோம். அப்படி ஏழு தடவை உதவியிருக்கிறது. ஒரு கொப்பியிலும் எழுதி வைக்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். "வேணாம் ஐயா. கொப்பிண்டா வாசிக்க ஆள் வரும். வண்டிக்குள்ள யாரு பாக்கப்போறாங்க?" என்றார். அதனால் கொப்பி இல்லை.

என் மனைவிக்கு இதெல்லாம் பிடிக்காது என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வருகிறவர்களிடம், "விளையாடுற வயசுல இவங்க படிச்சாங்க. இப்ப கணக்கத் தீர்க்கிறாங்க" என்பாள். முன்னறையில் கண்ணாடி அலுமாரி. ஏழு தட்டு, தட்டுக்கு இருபத்துமூன்று. 1989 செப்டெம்பரில் ஏழாவது தட்டின் கடைசி இடம் நிரம்பியது. அது நூற்று அறுபத்தோராவது வண்டி.

அதற்குரிய பெரிய வேன் கராஜுக்கு வந்தபோது வெள்ளை நிறம். இரண்டு பேர் கொண்டுவந்தார்கள். சாம்பல் நிறமாக மாற்ற வேண்டும் என்றார்கள். பொதுவாக வாகனத்தை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவர்கள் இரண்டு நாளும் கராஜின் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். மினுக்கிய சப்பாத்து, ஒட்ட வெட்டிய தலைமயிர். அப்போது நம்பர் தகடு முன்னும் பின்னும் இருந்தது. அவசரப்படுத்தியதில் இடது பக்கக் கதவின் கைபிடிக்குக் கீழே பெயின்ட் வழிந்து, நெல்மணி நீளத்துக்குக் கோடாக உறைந்துவிட்டது. தேய்த்துச் சரிசெய்கிறேன் என்று பாஸ் சொல்ல, போதும் என்று எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கோடு அவருக்குப் பெரிய வெட்கம். நான் ஒரு சின்ன ஆம்புலன்ஸைப் பழைய பெயின்ட் போகக் கழுவி வைத்திருந்தேன். பாஸ் அதற்கு மிச்சச் சாம்பலை அடித்துவிட்டு, ஊசிமுனையால் கைபிடிக்குக் கீழே ஒரு துளி தொட்டு வழியவிட்டார். "கொறயையும் சேத்து வைங்க ஐயா. அதுவும் என்ட வேலதான்." வழக்கம்போல நான் உள்ளே திகதியையும் நம்பரையும் கலவையையும் எழுதி மூடினேன். கலவை: வெள்ளை எட்டுக் கோப்பை, கறுப்பு இரண்டு, நீலம் அரை.

பாஸின் மருமகன், அதாவது மகளைக் கட்டியவர், கராஜுக்கு எதிரே ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். அமைதியான மனிதர். வயது இருபத்தாறு. கல்யாணம் முடிந்து ஏழு மாதம். கிளர்ச்சியை அடக்குவதாகச் சொல்லி இளைஞர்களை வீதியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போன வருடம் அது. ஒக்டோபர் 12ஆம் திகதி, வியாழக்கிழமை, பின்னேரம் நாலு முப்பத்தைந்துக்கு ஒரு சாம்பல் நிற வேன் அந்தக் கடைக்கு முன்னால் வந்து நின்றது. நம்பர் தகடு இல்லை. இரண்டு பேர் இறங்கி, அவரைத் தோளில் பிடித்து உள்ளே ஏற்றினார்கள். பாஸ் கையில் பெயின்ட் துப்பாக்கியோடு வீதிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கதவு சாத்தப்பட்டபோது கைபிடிக்குக் கீழே அந்தக் கோட்டைக் கண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து, பின்னேரம் என் வீட்டுக்கு வந்தார். அதற்குள் பொலிஸ், இராணுவ முகாம் என்று மூன்று இடங்களுக்குப் போய்க் கேட்டிருந்தார். மூன்றிலும் அப்படி ஒரு வேனே இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அலுமாரிக்கு முன்னால் போய் நின்றார், ஆனால் கதவைத் திறக்கவில்லை.

"நம்மட வேன்தான் ஐயா. உள்ளுக்கு நம்பர் ஈக்கிதா?"

"இருக்கு பாஸ். எடுத்துப் பாக்கலாம்."

"வேணாம். பாத்தா எனக்கு வாய் நிக்காது. போய்ச் செல்லிருவேன். இப்ப செல்ற எடம் சரியில்ல. நீங்க கவுமேந்து உத்தியோகத்து ஆள், உங்கட வீட்ல ஒருத்தரும் தேட மாட்டாங்க. ஈக்கட்டும். ஒரு காலம் வரும்தானே, அப்ப தொறப்பம்."

அவர் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். ஒன்றும் செய்ய வேண்டாம், அது இருந்தால் போதும் என்று கேட்டார்.

பதினொரு நாள் கழித்து, அந்தச் செவ்வாய்க்கிழமை, கந்தோரை மதியத்தோடு மூடிவிட்டார்கள். பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் இருந்தவர் பக்கத்து ஆளிடம் சொன்னது காதில் விழுந்தது. "உக்குவளையில வீடு வீடா பாக்குறாங்களாம். லிஸ்ட் எழுதி வச்சிருக்கிற ஆள்கள்தான் வேணுமாம்." என்ன லிஸ்ட், யாருடைய லிஸ்ட் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் என் வீட்டு முன்னறையில் நூற்று அறுபத்தொரு வாகனங்களின் நம்பரும் திகதியும் இருந்தன. அவற்றில் ஒன்று இருக்கக்கூடாத நம்பர். பஸ்ஸால் இறங்கினேன். வீட்டில் கோஸ்டிக் சோடா முடிந்துபோயிருந்தது நினைவுக்கு வந்தது. சாமான் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டேன். அங்கிருந்து வீட்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு அடி. இடையில் நிற்கவோ யோசிக்கவோ போதுமான தூரம் அது. தோட்டத்தில் புதைத்திருக்கலாம். கூரைக்குள் செருகியிருக்கலாம். எனக்கு அழிக்கத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

ஆணியைத் துளைத்துக் கழற்றினேன். உள்ளே என் கையெழுத்து. நம்பரை மூன்று தடவை வாய்க்குள் சொன்னேன். தாளில் எழுதினால் தாளும் அகப்படும். நான்கு இலக்கம்தானே, மனத்தில் நிற்கும் என்று நினைத்தேன். பிறகு நடந்ததைத் தொடக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

மூன்று நாற்பதுக்கு அவர்கள் வந்தார்கள். சீருடையில் மூன்று பேர், நனைந்திருந்தார்கள். கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள், லாச்சிகளை இழுத்தார்கள். ஒருவன், இருபது வயது இருக்கும், அலுமாரிக்கு முன்னால் நின்றுவிட்டான். எல்லாம் உங்களுடையதா என்று சிங்களத்தில் கேட்டான். ஆம் என்றேன். துவக்கைத் தோளுக்கு மாற்றிவிட்டு, ஒரு சிவப்பு லொறியை எடுத்து மேசையில் வைத்து ஒரு தரம் உருட்டினான். சில்லு நன்றாகச் சுழன்றது. தன் தம்பியிடமும் இப்படி ஒன்று இருந்ததாகச் சொன்னான். லொறியை எங்கிருந்து எடுத்தான் என்பதை மறந்து, ஏழாவது தட்டில் வெறுமையாக இருந்த கடைசி இடத்தில் வைத்தான். ஒன்பது நிமிடத்தில் போய்விட்டார்கள். நூற்று அறுபது வண்டிகளில் ஒன்றைக்கூட யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

அவர்கள் போனபின் நான் வெகுநேரம் கதிரையில் இருந்திருக்கிறேன். வழக்கமாகப் பன்னிரண்டு நிமிடத்தில் வெளியே எடுத்துவிட வேண்டும். எடுத்தபோது ஐந்தரை. உலோகம் கறுத்து, அம்மை விழுந்த முகம்போல் குழி குழியாக இருந்தது. எழுத்து இருந்த இடமே தெரியவில்லை.

அடுத்த மூன்று நாளில் அந்த வேனைத் திரும்பச் செய்தேன். குழிகளைப் பட்டி வைத்து நிரப்பினேன். மாத்தளையில் வெள்ளை, கறுப்பு, நீலம் வாங்கி எட்டு, இரண்டு, அரை என்று கலந்தேன். ஆனால் பாஸின் தகரக் கோப்பை எவ்வளவு பிடிக்கும் என்று நான் ஒரு நாளும் அளந்ததில்லை; அரை என்பது அவர் கையில் எவ்வளவு என்றும் தெரியாது. கைபிடிக்குக் கீழே ஊசியால் ஒரு கோடு வைத்தேன். ஆணிக்குப் பதிலாகச் சின்னத் திருகாணி. உட்பக்கம் வெறுமை. லொறியை அதன் இடத்தில் வைத்து, வேனை ஏழாவது தட்டின் கடைசியில் வைத்தேன். எண்ணிப் பார்த்தால் நூற்று அறுபத்தொன்று.

அந்த வெள்ளிக்கிழமை பாஸ் வந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். "ஈக்கிதுதானே?" என்றார். "இருக்கு பாஸ்" என்றேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். ஆறு வருடம் வெள்ளிக்கிழமைகளில் வந்தார். மொத்தம் இருநூற்று எண்பத்தொரு தடவை. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியும் அதே பதிலும். அடுத்த வருடத்தின் தொடக்கத்தில் அவருடைய மகளுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. பெயர் வைத்த அன்று முந்திரிப்பருப்புத் தூவிய வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தார். அவர் போனபின் என் மனைவி ஒருநாள், "இன்னைக்காவது சொல்லிருங்க" என்றாள். எதை என்று நான் கேட்டேன்.

நம்பரை எப்போது தொலைத்தேன் என்பது எனக்குத் தெரியாது. மறக்க முயன்றேன் என்று சொல்ல முடியாது. யாராவது கேட்டால் என் முகத்தில் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அதைச் சொல்லிப் பார்க்காமல் இருக்கப் பழகினேன். ஒருநாள் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது சொல்லிப் பார்த்தேன். தகட்டின் தொடக்கமான முப்பத்தொன்று ஸ்ரீ வந்தது, அதற்குப் பிறகு வரும் நான்கு இலக்கம் வரவில்லை. கடைசி இலக்கம் ஒற்றை என்பது மட்டும் நின்றது.

காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கிறார்கள், மாத்தளைக்கும் வருகிறார்கள் என்ற செய்தி வந்த வாரம் பாஸ் வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. திங்கட்கிழமையே வந்தார். வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். "தொறப்பம் ஐயா" என்றார். நான் எடுத்துக் கொடுத்தேன். புரட்டினார். திருகாணியைப் பார்த்தார். நாங்கள் எந்த வண்டிக்கும் அந்தக் காலத்தில் திருகாணி போட்டதில்லை. தன் பையிலிருந்த சின்னத் திருப்புளியால் இரண்டு சுற்றுச் சுற்றினார். அடித்தட்டு கையில் வந்தது. பெருவிரலால் உட்பக்கத்தைத் தடவினார், எழுத்து தோலில் ஒட்டும் என்பதுபோல.

சோடாவில் போட்டுவிட்டேன் என்றேன். எந்த நாள், எத்தனை மணி என்பதையும் சொன்னேன்.

"நெறம் மாறினது எனக்கு மொத வெள்ளிக்கிழமையே தெரியும் ஐயா. இது என்ட சாம்பல் இல்ல. நீங்க பயத்துல மேல மட்டும் மாத்தீட்டீங்க, உள்ளுக்கு நம்பர் ஈக்கும்ண்டு நெனச்சிட்டிருந்தேன்." அடித்தட்டை மேசையில் வைத்தார். "சரி. பரவாயில்ல. நம்பரச் செல்லுங்க."

"ஞாபகமில்ல பாஸ்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ட கராஜ் கூரையில எத்தின ஆணிண்டு ஒருக்கா செல்லினீங்க நீங்க."

முந்நூற்று நாற்பத்தாறு. அதை அப்போதும் என்னால் சொல்ல முடிந்திருக்கும்.

விசாரணைக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். அவர் முன் சீட்டில் மகளோடும், நான் பின்னால் தனியாகவும் இருந்தோம். என் முறை வந்தபோது முப்பத்தொன்று ஸ்ரீ என்றும், கடைசி இலக்கம் ஒற்றை என்றும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்சம் காத்திருந்தார். "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான் என்றேன். பாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது அவர் வேறு பஸ்ஸில் போனார்.

அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் வரவில்லை. வீதியில் கண்டால், "சொகமா ஐயா?" என்பார். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை, குறையும் இல்லை. துப்பாக்கியில் மிஞ்சுவதை மறுபடியும் தகரத்தில் அடிக்கத் தொடங்கியிருந்தார். நான் இரண்டு கொப்பி வாங்கினேன். முப்பத்தொன்று ஸ்ரீக்குப் பின்னால் வரக்கூடிய, ஒற்றையில் முடியும் எல்லா நான்கு இலக்கங்களையும் எழுதினேன். பக்கத்துக்கு ஐம்பது, நூறு பக்கம், ஐயாயிரம் நம்பர். அவற்றில் ஒன்று நிச்சயமாக அந்த நம்பர். என் கை அதை எழுதியிருக்கிறது. வாசிக்கும்போது ஏதாவது ஒன்றில் மனம் தடுக்கும் என்று எதிர்பார்த்தேன். நான்கு தடவை முழுவதும் வாசித்தேன். எதிலும் தடுக்கவில்லை.

பாஸ் 2004இல் காலமானார். ஜனாஸாவுக்குப் போய் வீதியோரத்தில் நின்றேன்.

2009இல், யுத்தம் முடிந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவருடைய மகள் வந்தார். தலையில் முக்காடு, கையில் பேரீச்சம்பழப் பெட்டி. தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை சரிவந்திருக்கிறது என்றார். நிக்காஹ் எழுதும்போது பெண்ணின் வாப்பா இருக்கிறாரா இல்லையா என்று கேட்பார்கள். ஏதாவது ஒரு பதில் சொல்ல வேண்டும். இத்தனை வருடமும் அவர் கணவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை. எடுத்தால் அவர் மௌத்தானதாகத் தானே கையெழுத்து வைக்க வேண்டும்.

"எடுத்தா இத்தா இருக்கணும் ஐயா. நான் இன்னும் இருக்கல்ல. அதுக்கு முந்தி ஒருக்கா உங்களக் கேட்டுப் பாப்பம்ண்டு வந்தேன்." அலுமாரியைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார். "வாப்பா கடைசி வரைக்கும் உங்களக் கொறயா ஒண்டும் செல்லல்ல. ஐயாக்குத் தெரியும், பயத்துல செல்றாரில்லண்டு மட்டும் செல்வாங்க. இப்ப பயம் இல்லதானே?"

பயம் இல்லை என்றேன். அது உண்மை. நம்பரும் இல்லை என்றேன். அதுவும் உண்மை. அந்த இரண்டு கொப்பிகளையும் எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்தை மேலிருந்து கீழே வாசித்தார், இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார், பிறகு மூடி மேசையில் வைத்தார். "சரி ஐயா. அப்ப நான் எடுக்கிறேன்" என்றார். இத்தா என்பது கணவன் இறந்தால் மனைவி வீட்டோடு தனித்திருக்கும் காலம். நாலு மாதமும் பத்து நாளும். அவர் அதை இருபது வருடம் பிந்தி இருந்தார். பெண்ணின் கல்யாணம் அதற்குப் பிறகு நடந்தது.

மனைவி இப்போது இல்லை. கை நடுங்குவதால் நான் ஆணித்தலை துளைப்பதில்லை. அலுமாரியில் ஏழு தட்டும் தட்டுக்கு இருபத்துமூன்றும் அப்படியே இருக்கின்றன. காலையில் எழுந்ததும் எண்ணுகிறேன். ஜாம் போத்தலில் வரைபேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறேன். அதன் அடியில் ஒரு வெள்ளைப் படிவு, எத்தனை தரம் கழுவினாலும் போகவில்லை. நான் எந்தக் கணக்குத் துண்டையும் எறிகிறவனல்ல. அன்று சாமான் கடையில் தந்த பில் துண்டும் லாச்சிக்குள் இருக்கிறது, மழையில் நனைந்து மை கொஞ்சம் பரவியிருந்தாலும் வாசிக்கலாம். 24.10.89. கோஸ்டிக் சோடா, கால் கிலோ. பதினொரு ரூபா ஐம்பது சதம்.